கல்தொட்டி வீதியில் தேர் ஒடிக்கும் இடம்

கல்தொட்டி வீதி, கோயம்புத்தூர்
6 அக்டோபர் 2024, ஞாயிறு. காலை 6.10. கதவுகள் 47.

அன்புள்ள அற்புதம் அத்தைக்கு,

ஜெஃபின் எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா நலம். நானும் நலம். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் பிரித்துப் படிக்கும் மதர் அம்மாவும் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். போன் இல்லாத, வெளியே வராத மடத்தில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். தபால்காரருக்காகக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம் வீதிச் செபஸ்தியார் சிற்றாலயத்துக்கு வரும் ஜனவரியில் நூறு வயது. நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். வீதியின் வரலாறு என்ற கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். சர்வே இன்ஜினியர் என்றால் வரலாற்றையும் அளந்துவிடுவான் என்று நினைப்பு. 'பழம்பெருமை வாய்ந்த' என்று தொடங்கும் கட்டுரை எனக்கு வராது. அதனால் முதலில் எண்ணினேன். நாற்பத்தேழு கதவு. பன்னிரண்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்பது பாத்திரக்கடை, பதினாலு செல்போன் உறைக் கடை, ஏழு குடோன், ஐந்து பூட்டிக் கிடக்கிறது. இது இன்றைய நிலை. பழைய நிலை உங்களிடம்தான் இருக்கிறது.

மூன்று கேள்வி. வீதிக்குப் பேர் கொடுத்த கல்தொட்டி எங்கே இருந்தது? கிணறு எங்கே இருந்தது? செபஸ்தியார் தேர் நம் வீட்டு முன்னால் வரும்போது மட்டும் ஏன் கிழக்கே ஒடித்துத் திருப்புகிறார்கள்?

இன்னொன்று. பீளமேட்டில் நான் வாங்கிய ஃபிளாட்டில் அப்பாவுக்கென்று ஓர் அறை எட்டு மாதமாகக் காலி. அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. நான் அங்கேயும் இங்கேயுமாக அலைகிறேன். எழுபத்தொரு வயதில் அவர் இங்கே தனியாக எதற்கு? கேட்டால், "நீ போ கண்ணு, நா அசையறதா இல்ல" என்கிறார். இதில் வாசலுக்கு எதிரே, வீதியிலேயே, ஒரு ஓடாத மொபெட்டும் இரண்டு சிமெண்ட் அரளித் தொட்டியும் நிறுத்தி வைத்திருக்கிறார். சிலிண்டர் லாரிக்காரன் தினமும் திட்டிவிட்டுக் கிழக்கோரமாக ஒதுங்கிப் போகிறான். நீங்களாவது அப்பாவுக்குப் புத்தி சொல்லுங்கள்.

பதிலைச் சீக்கிரம் எதிர்பார்க்கும்,
ஜெஃபின்

*

இயேசு மரி சூசை துணை

மடம், ஏற்காடு அடிவாரம்
20 அக்டோபர் 2024

அன்புக் கண்ணு ஜெஃபினுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். முட்டி தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன். மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கிணறு நம் வீட்டு வாசலுக்கு நேரே, வீதியின் மேற்குப் பாதியில் இருந்தது. மார்பளவு கைப்பிடிச் சுவர். அதை ஒட்டி வடக்கே ஒன்பதடி நீளத்தில் கல்தொட்டி. அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அங்கேதான் தண்ணீர் காட்டுவார்கள் என்று எங்கள் அப்பா சொல்லுவார். நான் பார்க்கும்போது அதில் மாடு குடிக்கவில்லை, நாங்கள் துணி அலசினோம். கிணற்றுக்கு நாலு உருளை. யார் எந்த உருளையில் இறைப்பது என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் மாற்றி இறைத்தால் அன்றைக்கு வீதியே கூடிவிடும். நம்முடையது மேற்கு உருளை. உன் கட்டுரையில் இதை எழுது. பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது.

பிளேக் வந்து வீதியில் பாதி வீடு காலியானபோது மிஞ்சினவர்கள் செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டு கட்டியதுதான் சிற்றாலயம். அதே வருடம் தெற்கு முனையில் மாரியம்மனுக்கும் மேடை கட்டினார்கள். கல் ஒரே வண்டியில் வந்ததாம்.

தேர் விஷயத்தை உன் அப்பாவிடம் கேள்.

அரளித் தொட்டி இரண்டும் இன்னும் அதே இடத்திலா இருக்கிறது? செடி பூக்கிறதா? அண்ணனை அங்கிருந்து கிளப்பாதே கண்ணு. அவராக வருவார்.

உன் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள். ஜெபிக்கிறாய் அல்லவா?

அன்பு அத்தை,
அற்புதம்

*

கல்தொட்டி வீதி
10 நவம்பர் 2024, ஞாயிறு. காலை 7.25. வீதியின் அகலம் 31 அடி.

அன்புள்ள அத்தைக்கு,

நலம். ஜெபம் பற்றிய கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில்.

அப்பாவிடம் கேட்டேன். "பெரியவங்க ஒடிச்சாங்க, நாங்களும் ஒடிக்கறோம்" என்றார். பாத்திரக்கடை லட்சுமணசாமி மாமாவிடம் கேட்டேன். சித்திரையில் இதே வீதியில் வரும் மாரியம்மன் தேருக்கு அவர்தான் கமிட்டித் தலைவர். "இருநூறு வருசப் பழக்கம் தம்பி, இன்ஜினியருக்கெல்லாம் புரியாது" என்றார். சிற்றாலயத்துக்கே நூறு வயதுதான் என்றேன். அதற்கும் புரியாது என்றார்.

கிணறு இருந்த காலத்தில் ஒடித்தார்கள், சரி. நடு வீதியில் கிணறு இருந்தால் ஒடித்துத்தான் ஆகவேண்டும். கிணறு போன பிறகும் எதற்கு? அகலம் முப்பத்தொரு அடி. தேர் ஏழு அடி. நேராகவே போகலாம்.

நல்ல செய்தி ஒன்று. மாநகராட்சியின் பழைய கோப்புகளைத் தேடியதில் கிணறு மூடிய தாள் கிடைத்தது. 17.1.1987. 'விட்டம் 14 அடி, ஆழம் 62 அடி, 64 லோடு மண், முழுவதும் நிரப்பப்பட்டது.' கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து: ம. சத்தியசீலன். நம் அப்பா! காண்ட்ராக்டரிடம் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தார் என்று தெரியும், சொந்த வீட்டுக் கிணற்றையே மூடினார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லோடுக்கு நூற்றைம்பது கன அடி வைத்தால் அறுபத்து மூன்றே சொச்சம். அச்சு அசலாகப் பொருந்துகிறது. மலரில் அந்தத் தாளை முழுப் பக்கத்துக்குப் போடப்போகிறேன். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்கினால் உங்கள் மடத்தில் கிறிஸ்துமஸ் வரை கடிதப் போக்குவரத்து கிடையாது. அதற்கு முன்னால் பதில் வேண்டும்.

ஜெஃபின்

*

இயேசு மரி சூசை துணை

மடம்
28 நவம்பர் 2024

அன்புக் கண்ணு,

ஆண்டவர் காக்க. இங்கே மழை. எல்லாரும் நலம்.

அந்தத் தாளை மலரில் போடவேண்டாம். வேறு படம் இல்லாமலா போகும்? லட்சுமணசாமி வீட்டில் கிணற்றடியில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கு.

ஞாயிறு முதல் எழுத முடியாது. அண்ணனுக்குக் குளிர் ஆகாது, காதை மூடிக்கொள்ளச் சொல்.

அத்தை

*

பீளமேடு
8 டிசம்பர் 2024, ஞாயிறு. மாலை 4.00. பள்ளம் 9 செ.மீ.

அன்புள்ள அத்தைக்கு,

இது கிறிஸ்துமஸ் அன்றுதான் உங்கள் கைக்கு வரும் என்று தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் வீதியில் பாதாளச் சாக்கடை வருகிறது. மார்ச்சில் வேலை தொடக்கம். குழி வெட்டுவது மேற்குப் பாதியில். இருபது டன் இயந்திரம் இறங்கும். சர்வே என் கம்பெனிக்கு வந்தது, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று மட்டம் பார்த்தேன். அரளித் தொட்டிகளைச் சுற்றி பதினாலு அடி விட்டத்தில் தார்ச்சாலை ஒன்பது சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. தட்டு மாதிரி.

நிரப்பிய மண் கொஞ்சம் இறுகும். சரி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்த 64 உறுத்த ஆரம்பித்தது. அத்தை, களத்தில் எந்தக் கணக்கும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. மண் தண்ணீரில் விழுந்தால் அமுங்கும். பத்து லோடாவது கூடக் கொட்டினால்தான் வாய்மட்டம் வரும். 64 என்பது கிணற்றடியில் நின்று எண்ணிய எண் இல்லை. மேசையில் உட்கார்ந்து வகுத்து எழுதிய எண்.

லட்சுமணசாமி மாமாவிடம் படத்தை வாங்கப் போனபோது லாரிகளைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டு நாள் மண்ணுக் கொட்டுனாங்க தம்பி. அப்புறம் பொங்கல் வந்துருச்சு, நா ஊருக்குப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா ரோடு ஆயிருச்சு" என்றார்.

நீங்கள் அந்தச் சமயம் வீட்டில்தானே இருந்தீர்கள்? எத்தனை லாரி வந்தது?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மதர் அம்மாவுக்கும்.

ஜெஃபின்

*

இயேசு மரி சூசை துணை

மடம்
27 டிசம்பர் 2024

அன்புக் கண்ணு,

பிறந்த பாலனின் ஆசீர் உனக்கும் அண்ணனுக்கும். எங்கள் குடிலுக்கு இந்த வருடம் நானே பாசி பறித்து வந்து வைத்தேன். தோட்டத்துச் சுவர்வரை நடக்க முட்டி இடம் கொடுத்தது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ கணக்கில் கெட்டிக்காரன். சிறு பிள்ளையில் ஜெபமாலையிலேயே மணி சரியாக இருக்கிறதா என்று எண்ணுவாயாம், உன் அம்மா எழுதியிருந்தாள்.

ஜனவரியில் தேர் வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக நிற்காதே. அண்ணனுக்குப் பக்கத்தில் நட. அவர் தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டுத் திருப்புவதைப் பக்கத்திலிருந்து பார்.

அத்தை

*

கல்தொட்டி வீதி
21 ஜனவரி 2025, செவ்வாய். காலை 6.40. அடி 22.

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொன்னபடி நடந்தேன். ஞாயிறு மாலை ஆறேகாலுக்குத் தேர் நம் வீட்டை நெருங்கியது. அப்பா கையில் முட்டுக்கட்டை. பதினைந்தாம் நம்பர் வாசலிலிருந்து பத்தொன்பதாம் நம்பர் வாசல்வரை இருபத்திரண்டு அடி. அவ்வளவு தூரமும் தேருக்கும் அரளித் தொட்டிக்கும் நடுவில் மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். "கெழக்கே ஒடி! இன்னும் கெழக்கே!" தொண்டை கிழிந்தது. கிழக்கே இருந்த செல்போன் கடைப் பலகை உடைந்தது. யாரும் கேட்கவில்லை, வருடா வருடம் உடைவதுதானாம்.

லட்சுமணசாமி மாமா கடை வாசலில் நின்றுகொண்டு கத்தினார்: "ஏனுங் சத்தியசீலன், செபஸ்தியாருக்கும் நீங்கதான் டிரைவரு, மாரியாத்தாளுக்கும் நீங்கதான் டிரைவரு. லைசன்ஸு யாருங்க குடுத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மாரியம்மன் தேருக்கும் அப்பாதான் கட்டை போடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சித்திரையில் நான் இங்கே இருந்ததில்லை, சிறு வயதில் விடுமுறைக்கு அம்மாவின் ஊர், இப்போது வெளியூர் வேலை. கோயில்காரர்கள் கூப்பிட்டதே இல்லையாம். முப்பத்தெட்டு வருடமாக அப்பாவே போய் நிற்கிறாராம்.

தேர் தாண்டியதும் அரளித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முட்டுக்கட்டையைக் கீழே வைக்கவில்லை. "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல கண்ணு. போயிருச்சு" என்றார்.

நேற்றுக் காலை கடப்பாரையால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடத்தில் 'தொப்'. தொட்டிக்குப் பக்கத்தில் காலிக் குடத்தைத் தட்டின சத்தம். அப்பா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. கிணறு நிரப்பப்படவில்லை. ஆமாவா, இல்லையா? ஒரு சொல் போதும்.

மலருக்கு நான் கட்டுரை கொடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரக்கடை விளம்பரம் வந்துவிட்டது.

ஜெஃபின்

*

இயேசு மரி சூசை துணை

மடம்
24 பிப்ரவரி 2025

அன்புக் கண்ணு,

ஆண்டவருடைய சமாதானம். பதில் தாமதமாகிவிட்டது. மடத்தில் ஒரு மூத்த சகோதரிக்கு உடம்பு சரியில்லை, அவர் அறையிலேயே இருந்தேன். பலாமரம் பிஞ்சு விட்டிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டியவர் உன்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார். அவரை முந்திக்கொண்டு நான் சொல்வது சரியா என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் தெளிவு வரவில்லை.

மார்ச் ஐந்தாம் தேதி திருநீற்றுப் புதன். அன்றிலிருந்து ஈஸ்டர்வரை எழுத்து இல்லை என்று உனக்குத் தெரியும்.

செடிக்குத் தண்ணீர் ஊற்று.

அத்தை

*

கல்தொட்டி வீதி
10 மார்ச் 2025, திங்கள். காலை 8.15. மீதி நாள் 14.

உறை மேலேயே எழுதியிருக்கிறேன், உள்ளேயும் எழுதுகிறேன்: மதர் அம்மா அவர்களுக்கு வணக்கம். தவக்காலம் என்று தெரியும். ஆட்கள் உயிர் விஷயம். படித்துவிட்டு தயவுசெய்து அத்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

அத்தை,

24ஆம் தேதி திங்கள் காலை இயந்திரம் இறங்குகிறது. ரேடார் வைத்துப் பார்த்தேன். தார்ச்சாலைக்கு ஒன்றரை அடி கீழே குறுக்கும் நெடுக்குமாக இரும்பு தெரிகிறது. இரும்புக்குக் கீழே என்ன என்று ரேடாருக்குத் தெரியாது. துளை போட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன். குடிநீர்க் குழாய் பக்கத்தில் போகிறது, முடியாது என்றார்கள்.

சாக்கடை வேலைக் காண்ட்ராக்டரின் சைட் இன்ஜினியர் கிருபாசங்கரிடம் இரண்டு மணி நேரம் சண்டை போட்டேன். கெட்டவன் இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சார், முழுசா நெரப்பியாச்சுன்னு ரெக்கார்டு இருக்குதுங்க. கையெழுத்துப் போட்டது உங்கப்பா. இல்லைன்னு சொல்றது நீங்க. அப்பன் எழுதுனத மகன் இல்லைங்கறான்னு நா மேல எழுத முடியுங்களா? நேர்ல பாத்த ஆளு யாராச்சும் எழுதிக் குடுங்க சார். இன்னைக்கே வேலைய நிறுத்தறேன். இல்லாட்டி ஊட்டுக்குள்ள பேசி முடிவுக்கு வாங்க."

வீட்டுக்குள் பேசினேன். கிருபாசங்கர் சொன்னதையும் சேர்த்து, நேராகவே கேட்டேன். அப்பா எழுந்தார். "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வாரேன்" என்றார். நாற்பது நிமிடம் ஊற்றினார். இரண்டு செடிக்கு நாற்பது நிமிடம்.

பதினைந்து, நம் பதினேழு, பத்தொன்பது. மூன்று வீட்டில் பதினோரு பேர். குழிக்குள் இறங்கப்போகிறவர்கள் ஆறு பேர். இயந்திரம் ஓட்டுகிறவர் ஒருவர். இந்தப் பதினெட்டுப் பேரையும் உங்கள் தவக்கால மௌனத்துக்குப் பக்கத்தில் வைத்து எடை போட்டுப் பாருங்கள். நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். மன்னிப்புப் பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெஃபின்

*

இயேசு மரி சூசை துணை

மடம், ஏற்காடு அடிவாரம்
17 மார்ச் 2025

அன்புக் கண்ணு ஜெஃபினுக்கு,

மதர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே என் அறைக்கு வந்தார். கையில் காகிதமும் பேனாவும் கொண்டு வந்தார். நான் இந்த மடத்துக்கு வந்த பிறகு தவக்காலத்தில் எழுதும் முதல் கடிதம் இது.

ஆமாம். நிரப்பப்படவில்லை.

1987 ஜனவரி 12 திங்கள், 13 செவ்வாய். இரண்டு நாளும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பதினோரு லாரி. புதன் கிழமை பொங்கல் என்று டிரைவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வியாழனும் வெள்ளியும் யாரும் வரவில்லை. கைப்பிடிச் சுவரை இடித்தாகிவிட்டது, வீதி நடுவில் வாயைத் திறந்துகொண்டு கிணறு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேர். வெள்ளிக்கிழமை பங்குச்சாமி வந்து பார்த்துவிட்டு, இந்த வருடம் தேர் இந்த வீதிக்கு வேண்டாம், பெரிய வீதியோடு திரும்பட்டும் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை அண்ணன் பழைய மில்லிலிருந்து இரும்பு உத்திரம் ஏழு கொண்டு வந்து குறுக்கே போட்டார். மேலே கல்தொட்டியை உடைத்த பலகைகளைப் பரப்பினார். மண் போட்டு, தார் ஊற்றினார். வீதிக்குப் பேர் கொடுத்த தொட்டி எங்கே என்று கேட்டாயே, அது கிணற்றின் மேல் மூடியாகக் கிடக்கிறது. அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். பொங்கல் முடிந்ததும் திறந்து, மீதி லோடைக் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். திரும்பி வந்த லாரிகளைக் காண்ட்ராக்டர் பெரியநாயக்கன்பாளையம் வேலைக்கு அனுப்பிவிட்டார். அண்ணனையும் அனுப்பினார். முப்பத்து மூன்று வயது, அப்போதுதான் நிரந்தரமான வேலை. முதல் வாரம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் வாரம் வராத வாய் பிறகு வருமா?

இதுவரை எழுதியது உன் கிருபாசங்கருக்கு. இனி எழுதுவது உனக்கு. இதை எத்தனை கடிதத்தில் எழுதாமல் விட்டேன் என்று நீயே எண்ணிக்கொள்.

அந்த வருடத் தேர்தான் எனக்குக் கடைசி. 21ஆம் தேதி நான் மடத்துக்குப் புறப்படவேண்டும். பங்குச்சாமி சொன்னதைக் கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை முழுவதும் நான் சாப்பிடவில்லை. "தேர் நம்ம வீதிக்கு வராட்டி நா எப்படீண்ணா போவேன்" என்று அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்கு ஒரே தங்கச்சி. இனி இந்த வாசலை மிதிக்கப்போவதில்லை. அவர் வேறு என்ன செய்வார்?

ஞாயிற்றுக்கிழமை தேர் வந்தது. அண்ணன் கிழக்கே ஒடித்தார். நான் பின்னால் பாடிக்கொண்டே நடந்தேன். கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தே பாடினேன்.

புறப்படும் நாள் காலையில் இரண்டு தொட்டியிலும் அரளிக் குச்சி ஊன்றியது நான்தான். "வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா" என்றேன். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவருக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை.

கையெழுத்து அவருடையது. அவசரம் என்னுடையது. இரண்டையும் சேர்த்தே சொல். என் பேரை விட்டுவிடாதே.

இதை முதலில் அண்ணனிடம் படித்துக் காட்டு. கிருபாசங்கரிடம் அதற்குப் பிறகு போ.

ம. அற்புதம்
(இதை அவர் எழுதும்போது உடனிருந்தேன். மடத்துத் தலைவி.)

*

கல்தொட்டி வீதி
22 மார்ச் 2025, சனி. காலை 5.40. குறைந்த லோடு 53.

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று மாலை கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். முழுவதும், விடாமல்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அம்மணி எழுதிப்போட்டாளா" என்றார். அதை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "அவ அழுதா, நெசந்தான். அதுக்காக அவளச் சொல்லாத. பேனாவப் புடிச்சது நானு" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு நிமிசம் சும்மா இரு கண்ணு" என்றார். இருந்தேன். எனக்கு அது பெரிய காரியம்.

பிறகு கேட்டார்: "அத அப்படியே போட்டுட்டு நா எப்படிடா பீளமேட்டுக்கு வாரது?"

ஒரு வருடத்துக்கு மேலாக நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கிறது, ஜிம் இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். காவல் இருக்கிறவரிடம் போய் லிஃப்ட் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை ஐந்து மணிக்கே எழுந்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த 1987 தாளின் நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். "மொதல்ல நா பேசறேன்" என்றார். வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். முட்டுக்கட்டை கதவோரம் எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது.

பத்தாம் தேதி எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். தொனிக்கு மட்டும்.

செய்யப்போவது:

1. இன்று காலை 9.00. கிருபாசங்கர் அலுவலகம். அப்பா பேசுவார். நான் குறுக்கே பேசமாட்டேன்.

2. அப்பா சொல்வதும் உங்கள் கடிதமும் எழுத்தில் பதிவாகி, வேலையை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்து வாங்காமல் வெளியே வருவதில்லை. அப்பா அனுமதித்தால் உங்கள் பேர் இருக்கும் பக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பேன். வேண்டாம் என்றாலும் கொடுப்பேன், நீங்கள் சொன்னதால்.

3. இன்று மதியமே பதினைந்து, பத்தொன்பது இரண்டு வீட்டுக்காரர்களிடமும் லட்சுமணசாமி மாமாவிடமும் அப்பாவும் நானும் போய்ச் சொல்வது. மாமா திட்டுவார். திட்டட்டும். சித்திரைத் தேருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

4. தாருக்கு மேல் பதினேழடி விட்டத்தில் தடுப்பு. திங்கட்கிழமை யார் என்ன சொன்னாலும் இயந்திரம் அந்த வட்டத்துக்குள் வராது. மொபெட்டுக்குப் பக்கத்தில் என் பைக்கும் நிற்கும்.

5. உத்திரங்களை எடுத்த பிறகு கல்தொட்டிப் பலகைகளை உடையாமல் வெளியே எடுப்பது. நாலு உருளை, யார் எது என்பதோடு சேர்த்து வீதிக் கட்டுரையை இப்போது எழுதுகிறேன். மலர் அச்சாகிவிட்டது. பரவாயில்லை, தனித்தாளாக அச்சடித்து நாற்பத்தேழு கதவுக்கும் கொடுப்பேன். 1987 தாள் முதல் பக்கத்தில்.

6. ஐம்பத்து மூன்று லோடு, அமுங்குவதற்குப் பத்து. மொத்தம் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றையும் கிணற்றடியில் நின்று அப்பா எண்ணுவார். நான் சரிபார்க்கமாட்டேன்.

7. நிரம்பிய மறுநாள் ஓர் அரளித் தொட்டி அப்பாவோடு பீளமேட்டுக்கு வருகிறது. இன்னொன்றை உங்கள் தோட்டத்துச் சுவரோரம் வைக்க இடம் கொடுப்பார்களா என்று மதர் அம்மாவிடம் கேளுங்கள். பதில் ஈஸ்டருக்குப் பிறகு போதும். அவசரமில்லை.

ஜெஃபின்